நெக்லஸ் நெபுலா: வளையத்துக்கு முன்பே கிளம்பிய தாரைகள்

நடுவில் ஒரு வாயு வளையம். அதற்குச் செங்குத்தாக, எதிரெதிர்த் திசைகளில் பாய்ந்து போகும் இரண்டு தாரைகள். இருமுனை நெபுலா, அதாவது இரு பக்கமும் நீளும் ஒளிரும் வாயு மேகம் என்றால் வானியலாளர் மனதில் எழும் படம் இதுதான். படத்தைப் பார்த்ததும் ஒரு கதையும் தானாக வந்துவிடும். முதலில் இடுப்பைச் சுற்றி வளையம் உருவாகியிருக்கும், பக்கவாட்டு வழி அடைபட்டிருக்கும், அதனால் அப்புறம் வந்த வாயு மேலும் கீழும் பீறிக்கொண்டு போயிருக்கும். வாய் குறுகிய பானையில் உலை கொதித்தால் ஆவி வாய் வழியாகத்தானே வரும்!

நெக்லஸ் நெபுலாவில் இந்தக் கதை நிற்கவில்லை. அங்கே தாரைகளின் வயது வளையத்தின் வயதைப்போல இரண்டு மடங்கு. அடைப்பு வருவதற்கு முன்பே ஆவி கிளம்பிவிட்டது என்றால், அதைக் கிளப்பியது எது? 2011இல் வந்த ஓர் அளவீட்டில் எழுந்த இந்தக் கேள்விக்கு 2013இல் ஒரு விடை கிடைத்தது. அந்த விடை வளையத்திலும் இல்லை, தாரையிலும் இல்லை. நடுவில் இருக்கும் ஒரு சின்ன நட்சத்திரத்தின் மேல் அப்பியிருந்த கரியில் இருந்தது.

ஆளைப் பற்றி

ஒரு சின்ன விளக்கம் முதலில். நெக்லஸ் ஒரு கோள்வடிவ நெபுலா. கோள்வடிவ நெபுலாவுக்கும் கோள்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 1780களில் வில்லியம் ஹெர்ஷல் தன் தொலைநோக்கியில் பார்த்தபோது, அவர் கண்டுபிடித்த யுரேனஸைப் போல வட்டத் தட்டாகத் தெரிந்ததால் அப்படிப் பெயர் வைத்தார். பெயர் தவறு என்று தெரிந்த பிறகும் யாரும் மாற்றவில்லை. சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம் முதுமையில் ஊதிப் பெருத்து, வெளி அடுக்குகளை உதறிவிட்டு, உள்ளே இருக்கும் சூடான கருவை மட்டும் மிச்சம் வைக்கிறது. உதறிய வாயு அந்தக் கருவின் புற ஊதா ஒளியில் ஒளிர்கிறது. சில பத்தாயிரம் ஆண்டுகளில் எல்லாம் கலைந்துபோகும். நட்சத்திரத்தின் வாழ்நாளோடு ஒப்பிட்டால் கண் சிமிட்டும் நேரம்தான்.

கானரித் தீவுகளில் ஒன்றான லா பால்மாவின் மலையுச்சியில் 2.5 மீட்டர் ஆடி கொண்ட ஐசக் நியூட்டன் தொலைநோக்கி இருக்கிறது. பால்வழியின் வடபகுதித் தளம் முழுவதையும் ஹைட்ரஜன் வாயு உமிழும் 656 நானோமீட்டர் சிவப்பு ஒளியில் படமெடுக்கும் திட்டம் 2003இல் அதில் தொடங்கியது. திட்டத்தின் பெயர் ஐஃபாஸ். தூசி மண்டிய அந்தத் தளத்தில் மறைந்து கிடக்கும் மங்கலான நெபுலாக்களைத் தோண்டி எடுப்பதில் அது கைதேர்ந்தது. நம் ஆள் அகப்பட்டது 2005இல், அந்த வலையில்தான். அப்போது வைத்த பெயர் ஐஃபாஸ்எக்ஸ் ஜே194359.5+170901. அதாவது, வானத்தில் அதன் முகவரியையே பெயராக ஒட்டிவிட்டார்கள். நெக்லஸ் என்ற செல்லப்பெயர் அப்புறம் வந்தது.

அந்த முகவரிக்குப் போகும் வழி நமக்குச் சுலபம். ஆவணி, புரட்டாசி மாத முன்னிரவில் உச்சிக்குச் சற்றுத் தெற்கே பளிச்சென்று தெரிவது திருவோண நட்சத்திரம். அதிலிருந்து வடக்கே 8 பாகை தள்ளிப் போனால் அம்பு என்னும் சிறிய விண்மீன் குழு வரும். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் மறையும் அகலத்தைவிடக் கொஞ்சம் குறைவான தூரம். சென்னையிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாலும் நெபுலா வெறுங்கண்ணுக்குத் தெரியாது. வீட்டுத் தொலைநோக்கிக்கும் அது எட்டாது. அதன் தூரம் சுமார் 15,000 ஒளியாண்டுகள்.

2011 ஜூலை 2ஆம் தேதி ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி அதைப் படமெடுத்தது. ஹைட்ரஜனுக்கு நீலம், ஆக்சிஜனுக்குப் பச்சை, நைட்ரஜனுக்குச் சிவப்பு என்று நிறம் கொடுத்து வெளியான படம் அது. நீள்வட்டமாக ஒரு வளையம், அதில் பதித்ததுபோல் ஒளிரும் முடிச்சுகள். நெக்லஸ் என்று பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நம்மூர்க்காரர் யாராவது வைத்திருந்தால் அட்டிகை என்று வைத்திருப்பார். கோத்த மணிபோல இல்லை, கல் பதித்ததுபோலத்தான் இருக்கிறது. முடிச்சு ஒவ்வொன்றும் அடர்த்தியான வாயுத் திரள். சுற்றியிருக்கும் மெல்லிய வாயுவைக் கதிர்வீச்சு எளிதில் ஊடுருவிவிடும், அடர்த்தியான இடத்தில் அதற்கு அவ்வளவு பலம் இல்லை. அதனால் முடிச்சுகளில் வாயு அரைகுறையாகவே அயனியாகி நைட்ரஜன் ஒளியில் பளிச்சிடுகிறது.

வளையம் உண்மையில் வட்டம்தான். வளையலைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் நீள்வட்டமாகத் தெரிவதுபோல இதுவும் சாய்ந்து நிற்பதால் நீள்கிறது. எவ்வளவு நீள்கிறது என்பதை வைத்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கணக்கிடலாம். இந்தச் சாய்வு பின்னால் மிக முக்கியமாகப் போகிறது.

தொப்பிகள்

ஹப்பிள் படத்தில் கண் போவதெல்லாம் வளையத்துக்குத்தான். வழக்கின் முக்கியச் சாட்சி வேறு இடத்தில், மிக மங்கலாக நிற்கிறது. வானியலாளர் ரொமானோ கொராடியும் அவருடைய குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் அது வருகிறது. வளையத்துக்குச் செங்குத்தான திசையில் இரண்டு பக்கமும் மங்கலான மடல்கள் நீள்கின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் தொப்பி கவிழ்த்ததுபோல வாயு. தொடக்கத்தில் சொன்ன தாரைகளின் நுனி இதுதான்.

வேகங்களை டாப்ளர் விளைவால் அளந்தார்கள். நம்மை நோக்கி வரும் வாயுவின் நிறமாலைக் கோடு நீலப் பக்கம் நகரும், விலகிப் போகும் வாயுவினுடையது சிவப்புப் பக்கம் நகரும். நகர்ந்த அளவுதான் வேகம். ஆனால் இதில் கிடைப்பது நம் பார்வைத் திசையில் இருக்கும் வேகம் மட்டுமே. முழு வேகம் வேண்டுமென்றால் பொருள் எந்தக் கோணத்தில் போகிறது என்று தெரிய வேண்டும். வளையத்தின் சாய்வு இங்கேதான் கைகொடுக்கிறது. தாரைகள் வளையத்துக்குச் செங்குத்து என்று எடுத்துக்கொண்டால் அவற்றின் கோணமும் கிடைத்துவிடுகிறது.

வளையம் விரிவது விநாடிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில். தொப்பிகள் விலகுவது விநாடிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு வளையத்தின் வேகத்தில் போனால் 25 விநாடி ஆகும், தொப்பியின் வேகத்தில் போனால் 7 விநாடி.

வயது கண்டுபிடிப்பது பள்ளிக்கூடக் கணக்கு. மையத்திலிருந்து இருக்கும் தூரத்தை வேகத்தால் வகுத்தால் கிளம்பி எவ்வளவு காலம் ஆயிற்று என்று தெரியும். இயக்க வயது என்று இதற்குப் பெயர். வானியலில் இந்தக் கணக்கை எப்போதும் குழப்புவது தூரம். படத்தில் நமக்குக் கிடைப்பது கோணம் மட்டுமே. அதைக் கிலோமீட்டராக மாற்ற நெபுலா எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று தெரிய வேண்டும், பல கோள்வடிவ நெபுலாக்களுக்கு அது சரியாகத் தெரியாது. தூரத்தில் கால் பங்கு பிசகினால் வயதிலும் கால் பங்கு பிசகும்.

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கேள்வி "வயது எத்தனை?" என்பது இல்லை, "யார் மூத்தவர்?" என்பதுதான். வளையமும் தொப்பியும் ஒரே நெபுலாவில், நம்மிடமிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றன. ஒன்றின் வயதை மற்றொன்றின் வயதால் வகுக்கும்போது மேலேயும் கீழேயும் அதே தூரம் நின்று அடிபட்டுப் போகிறது. தூரம் தெரியாமலேயே, யார் யாரைவிட எத்தனை மடங்கு மூத்தவர் என்று சொல்லிவிடலாம். விடை இரண்டு மடங்கு, மூத்தவை தொப்பிகள். மூன்றரை மடங்கு வேகம், இரண்டு மடங்கு காலம். அப்படியென்றால் வளையத்தின் ஆரத்தைப்போலச் சுமார் 7 மடங்கு தொலைவுக்கு அவை போயிருக்கின்றன. அவ்வளவு தூரம் போய் நீர்த்துவிட்டதால்தான் அத்தனை மங்கல்.

பானைக் கதைக்கு இது ஒத்துவராது. அந்தக் கதை ஒன்றும் பாமரக் கற்பனை இல்லை. 1978இல் சன் குவோக், பர்டன், ஃபிட்ஸ்ஜெரால்ட் மூவரும், முன்பு மெதுவாக வீசிய அடர்த்தியான நட்சத்திரக் காற்றைப் பின்னால் வரும் வேகமான காற்று முட்டித் தள்ளுவதால் நெபுலா உருவாகிறது என்றார்கள். 1987இல் புரூஸ் பாலிக் அதை விரிவாக்கி, முதல் காற்று நடுவரைப் பகுதியில் அடர்ந்திருந்தால் இரண்டாம் காற்று துருவங்களின் வழியே உடைத்துக்கொண்டு போகும், இருமுனை வடிவம் வரும் என்று காட்டினார். பல நெபுலாக்களின் வடிவத்தை இது அழகாகவே விளக்குகிறது. ஆனால் அதில் அடைப்பு முன்னால் வர வேண்டும், பாய்ச்சல் பின்னால். 1998இல் ரகவேந்திர சகாயும் ஜான் ட்ராகரும் ஹப்பிளில் இளம் நெபுலாக்களைப் பார்த்துவிட்டு, வடிவத்தைச் செதுக்குவது தொடக்கத்திலேயே கிளம்பும் வேகமான தாரைகள்தான் என்று வாதிட்டார்கள். அப்படியானால் அந்தத் தாரைகளைக் கிளப்புவது யார்? அந்தக் கேள்வி அப்படியே நின்றது.

1.16 நாள்

நடுவில் இருக்கும் நட்சத்திரத்தின் ஒளியை இரவிரவாக அளந்தபோது அது சீராகக் கூடிக் குறைந்தது. அலைபோல, சரியாக 1.16 நாளுக்கு ஒரு சுற்று. ஏறக்குறைய 28 மணி நேரம்.

இந்த வகை ஏற்ற இறக்கத்துக்கு வானியலாளர் உடனே தரும் விளக்கம் இரட்டை நட்சத்திரம். ஒன்று மிகச் சூடான, சிறிய கரு. மற்றது சாதாரண நட்சத்திரம், கருவுக்கு மிக அருகே சுற்றுகிறது. கருவின் வெப்பம் துணையின் ஒரு முகத்தை மட்டும் சுட்டெரிக்கிறது. நிலவுக்குப் பிறை, பௌர்ணமி வருவதுபோல அந்தத் துணைக்கும் வரும். சுட்ட முகம் நம் பக்கம் திரும்பும்போது ஒளி கூடும், முதுகைக் காட்டும்போது குறையும். நிறமாலையும் அதையே சொன்னது. 6,000, 7,000 கெல்வின் வெப்பநிலையில் ஒரு பின்னணி ஒளி, அதன் மேல் கார்பன், நைட்ரஜன் அயனிகளின் கூர்மையான கோடுகள், ஹைட்ரஜனின் அகன்ற கோடுகள். சுட்டெரிக்கப்பட்ட நட்சத்திர முகத்தின் அடையாளங்கள் இவை.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. நெபுலாவின் நடுவில் இரட்டை நட்சத்திரம் தெரிந்தால் மட்டும் போதாது. சென்டாரஸ் விண்மீன் குழுவில் சுவெட் 2 என்று இன்னொரு வளைய நெபுலா இருக்கிறது. அதன் நடுவே ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும் இரண்டு நட்சத்திரங்கள், 4.9 நாள் சுற்று. வளையத்தை உண்டாக்கியது இந்த ஜோடிதான் என்று பல வருடம் நம்பி, அதற்கேற்ற விளக்கங்களையும் உருவாக்கினார்கள். கடைசியில் 2017இல் டேவிட் ஜோன்ஸும் ஹென்றி பொஃபினும் அளந்து பார்த்தால் ஜோடி நகரும் வேகம் வேறு, நெபுலா நகரும் வேகம் வேறு. நெபுலாவுக்கும் அதற்கும் உறவே இல்லை, நாம் பார்க்கும் கோட்டில் தற்செயலாக வந்து நின்ற வழிப்போக்கர்கள். நெக்லஸில் அந்தப் பயம் குறைவு. துணையின் முகம் அப்படி வெந்துபோக வேண்டுமானால் பக்கத்திலேயே மிகச் சூடான கரு இருந்தாக வேண்டும். நெபுலாவை ஒளிர வைப்பதும் அப்படிப்பட்ட கருதான். இரண்டும் ஒரே ஆள் என்பதைச் சந்தேகிக்கக் காரணம் இல்லை.

சரி, 28 மணி நேரச் சுற்று என்றால் இருவருக்கும் இடையில் எவ்வளவு தூரம்? மொத்த நிறை ஒன்றரைச் சூரியன் என்று வைத்துக்கொண்டு கெப்ளர் விதியில் போட்டுப் பார்த்தேன். சுமார் 37 லட்சம் கிலோமீட்டர் வருகிறது. சூரியனின் ஆரத்தைப்போல ஐந்து மடங்கு, அவ்வளவுதான். சூரியனுக்கும் புதனுக்கும் இடையே இருக்கும் தூரத்தில் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்தக் கரு தன் முதுமையில் செம்பெருமீனாக ஊதியிருந்தபோது அதன் ஆரம் சூரியனைப்போல நூறு, இருநூறு மடங்கு இருந்திருக்கும். ஆக, துணை நட்சத்திரம் இன்று சுற்றிக்கொண்டிருக்கும் இடம் ஒரு காலத்தில் செம்பெருமீனின் வயிற்றுக்குள் இருந்தது.

பொதுப் போர்வை

வயிற்றுக்குள் எப்படிப் போயிற்று என்பதற்கு 1976இல் போலந்து வானியலாளர் போடான் பச்சின்ஸ்கி ஒரு விளக்கம் தந்தார். செம்பெருமீன் ஊதிக்கொண்டே போய்த் துணையை விழுங்கிவிடுகிறது. இப்போது இரண்டு கருக்களுக்கும் சேர்த்து ஒரே வாயுப் போர்வை. துணை அந்த வாயுவைக் கடைந்துகொண்டு சுற்றுகிறது. உராய்வில் வேகம் இழந்து உள்ளே உள்ளே சரிகிறது. அப்படி இழந்த ஆற்றல் போர்வைக்குப் போகிறது, போர்வை பிய்த்தெறியப்படுகிறது. எல்லாம் நட்சத்திரக் கணக்கில் மிகக் குறுகிய காலத்தில் முடிந்துவிடும். கடைசியில் மிஞ்சுவது நெருங்கிச் சுற்றும் ஒரு ஜோடி, வெளியே பறந்து போகும் வாயு.

மோர் கடைந்தவர்களுக்குத் தெரியும், மத்து சுழலும் தளத்தில்தான் அதிகம் தெறிக்கும். போர்வையும் துணை சுற்றும் தளத்தில்தான் அதிகமாகத் தெறிக்கிறது. நெக்லஸின் வளையம் அந்தத் தெறிப்பு. கொராடி குழுவினரும் இப்படித் தட்டையாகக் கொட்டிய வாயுதான் இந்த வகை ஜோடிகளின் அடையாளம் என்று எழுதினார்கள். தெறிப்பு சுற்றுத் தளத்தில்தான் நிகழ்கிறது என்பதற்கு ஒரு நல்ல சான்றும் உண்டு. 2016இல் டாட் ஹில்விக் குழுவினர், சாய்வு நன்றாகத் தெரிந்த எட்டு நெபுலாக்களை எடுத்து, ஜோடி சுற்றும் அச்சையும் நெபுலாவின் அச்சையும் ஒப்பிட்டார்கள். எல்லாவற்றிலும் இரண்டும் ஒரே திசை. தற்செயலாக இப்படி அமைய வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுகூட இல்லை.

ஒற்றை நட்சத்திரமே வேகமாகச் சுழன்று, காந்தப்புலத்தால் இந்த வடிவங்களை உண்டாக்க முடியாதா என்று கேட்கலாம். பல ஆண்டுகள் அப்படித்தான் நம்பினார்கள். 2006, 2007 வாக்கில் நோம் சோக்கரும் ஜேசன் நார்ட்ஹவுஸும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, தனியாக இருக்கும் முதிய நட்சத்திரத்தால் அவ்வளவு சுழற்சியையும் காந்தப்புலத்தையும் வேண்டிய காலத்துக்குத் தாக்குப்பிடிக்க வைக்க முடியாது என்றார்கள். எங்கிருந்தாவது சுழற்சியை ஊட்ட ஒரு துணை வேண்டும். ஆனால் நெருங்கிய ஜோடி என்று உறுதியானவை, கோள்வடிவ நெபுலாக்களில் 12 முதல் 21 சதவீதம்தான் என்று 2009இல் மிசால்ஸ்கி குழுவினர் கணக்கிட்டார்கள். மற்றவற்றுக்கெல்லாம் என்ன விளக்கம் என்பது வேறு சண்டை, அதற்குள் இப்போது போக வேண்டாம்.

வளையம் விளங்கிவிட்டது. போர்வை பிய்ந்த நாள்தான் அதன் பிறந்தநாள். தொப்பிகள் அதற்கும் முன்னால் கிளம்பியவை. செம்பெருமீன் துணையை விழுங்குவதற்கு முன்பே ஏதோ ஒன்று தாரைகளை வீசியிருக்கிறது.

செம்பெருமீனே வீசியிருக்குமா? ஊதிப்போன நட்சத்திரத்தின் மேற்பரப்பில் ஈர்ப்பு பலவீனம். சூரிய நிறையும் இருநூறு மடங்கு ஆரமும் இருந்தால் தப்பும் வேகம் விநாடிக்கு 44 கிலோமீட்டர்தான் வரும். அப்படிப்பட்ட நட்சத்திரத்திலிருந்து வாயு மெதுவாகத்தான் கசியும். அண்டத்தில் வேகமான தாரைகள் பொதுவாக ஆழமான ஈர்ப்புக் குழியின் அருகிலிருந்துதான் வரும், அவற்றின் வேகமும் அந்தக் குழியின் ஆழத்தை ஒட்டியே இருக்கும். சூரியனைப் போன்ற சாதாரண நட்சத்திரத்தில் தப்பும் வேகம் விநாடிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். வழியில் கிடந்த வாயுவை அள்ளிக்கொண்டு போய் வேகம் தணிந்தாலும் 100 மிஞ்சும். ஆகவே சந்தேகம் துணையின் மேல்தான் விழுகிறது. பெருமீன் கசியவிட்ட வாயுவைத் துணை தன் பக்கம் இழுக்கிறது. வாயு நேராக விழாமல் துணையைச் சுற்றி ஒரு வட்டாகச் சுழல்கிறது. வட்டின் இரு பக்கமும் தாரைகள் கிளம்புகின்றன. இளம் நட்சத்திரங்களிலும் கருந்துளைகளிலும் நடக்கும் அதே ஏற்பாடு. கொராடி குழுவினரும் இதை ஒரு சாத்தியமாகச் சொல்லி, வேறு விளக்கங்களுக்கும் கதவைத் திறந்தே வைத்தார்கள்.

கதவைத் திறந்து வைத்தது சரிதான். இயக்க வயது என்பது, கிளம்பிய நாள் முதல் வேகம் மாறவில்லை என்று வைத்துப் போட்ட கணக்கு. தொப்பி வழியில் வாயுவில் மோதி மெதுவாகியிருந்தால் அதன் உண்மை வயது கணக்கில் வருவதைவிடக் குறைவு. வளையத்தை உள்ளிருந்து சூடான வாயு நெட்டி வேகம் கூட்டியிருந்தால் அதன் உண்மை வயது கணக்கில் வருவதைவிட அதிகம். இரண்டு பிழையும் ஒரே பக்கம்தான் இழுக்கும், இடைவெளியைக் குறைக்கும். வேகத்தை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதினால் மேல்முறையீட்டில் நிற்காது என்பதுதான் என் கருத்து. வேறு வகைச் சாட்சி வேண்டும்.

முதுகைக் காட்டும் நேரம்

அந்தச் சாட்சியை 2013இல் ப்ரெண்ட் மிசால்ஸ்கி, ஹென்றி பொஃபின், ரொமானோ கொராடி மூவரும் கொண்டு வந்தார்கள். அவர்கள் செய்த தந்திரம் எளிமையானது. முன்பு எடுத்த நிறமாலையில் துணையின் சுட்ட முகம் பளபளத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் மூழ்கடித்திருந்தது. துணை உண்மையில் எப்படிப்பட்ட நட்சத்திரம் என்று தெரியவில்லை. 1.16 நாளுக்கு ஒருமுறை அது நமக்கு முதுகைக் காட்டும் அல்லவா? ஒளி மிகக் குறையும் அந்த நேரத்தை ஒட்டி நிறமாலை எடுத்தார்கள்.

முதுகில் தெரிந்தது கார்பன். அதிலும் இரண்டு கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறின் பட்டைகள். ஒரு நட்சத்திரத்தின் வளிமண்டலத்தில் கார்பனும் ஆக்சிஜனும் இருந்தால் முதலில் இரண்டும் கைகோத்துக் கார்பன் மோனாக்சைடு ஆகிவிடும். எது அதிகமோ அது மிஞ்சும். சூரியனில் ஆக்சிஜன்தான் அதிகம், சாதாரண நட்சத்திரங்கள் எல்லாவற்றிலும் அப்படித்தான். கார்பன் மிஞ்சிப்போய்த் தனக்குள்ளேயே சேர்ந்து பட்டை காட்டுகிறது என்றால் ஆக்சிஜனைவிடக் கார்பன் அதிகம் என்று பொருள்.

இப்படிப்பட்ட நட்சத்திரத்துக்குக் கார்பன் குள்ளன் என்று பெயர். அதன் விசேஷம், அந்தக் கார்பனை அது தானாகச் சமைத்திருக்க முடியாது என்பது. கார்பன் சமைப்பது செம்பெருமீனின் அடுப்பில். மையத்துக்கு வெளியே ஹீலியம் விட்டுவிட்டு எரியும் கட்டத்தில் கார்பன் உண்டாகி, உள்ளிருந்து மேற்பரப்புக்குக் கிளறிவிடப்படுகிறது. துணை இன்னும் ஹைட்ரஜனையே எரித்துக்கொண்டிருக்கும் இளசு, அந்த அடுப்பு அதனிடம் இல்லை. பக்கத்து வீட்டுச் சமையல் வாசனை சட்டையில் ஒட்டியிருப்பதுபோல, துணையின் மேல் இருக்கும் கார்பன் முழுக்கப் பெருமீனிடமிருந்து வந்தது. ஒரு நட்சத்திரத்தின் வளிமண்டலத்தையே கார்பன் பக்கம் சாய்ப்பதற்குக் கொஞ்சநஞ்சப் பூச்சு போதாது. நிறைய வாயு வந்து விழுந்திருக்க வேண்டும்.

எப்போது விழுந்தது என்பதுதான் இந்த வழக்கின் முடிச்சு. பொதுப் போர்வைக்குள் இருந்தபோதா? அந்தக் கட்டம் மிகக் குறுகியது, அத்தனை வாயுவைச் சேர்க்க நேரம் போதாது என்று மூவரும் முடிவு செய்தார்கள். போர்வை பிய்ந்த பிறகா? அப்போது பெருமீனே இல்லை, கொடுக்க ஒன்றும் இல்லை. மிஞ்சுவது போர்வைக்கு முந்திய காலம். பெருமீனின் காற்று வீசிக்கொண்டிருந்தது, துணை வெளியே நின்று அள்ளிக்கொண்டிருந்தது. அள்ளியவற்றுக்கு வட்டு வேண்டும், வட்டு இருந்தால் தாரை வரும். வேகக் கணக்கு சொன்ன வரிசையும் வேதியியல் சொன்ன வரிசையும் இங்கே ஒன்றாகச் சேர்கின்றன. வேகக் கணக்கில் இருந்த பிழை எதுவும் கார்பனைத் தொடாது. கார்பன் கணக்கில் பிழை இருந்தால் அது தொப்பிகளின் வேகத்தைத் தொடாது. ஒன்றை ஒன்று சாராத இரண்டு சாட்சிகள் ஒரே வரிசையைச் சொல்வதால்தான் இந்த நெபுலாவை இத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள்.

அந்த வட்டு இன்று இல்லை. போர்வை விழுங்கியபோதே போயிருக்கும்.

சொந்தபந்தங்கள்

இது ஒற்றை விதிவிலக்கா என்று பார்க்க அதிகத் தூரம் போக வேண்டியதில்லை. அதே அம்பு விண்மீன் குழுவில், நெக்லஸிலிருந்து முழுநிலவின் அகலமே தள்ளி ஏபல் 63 என்னும் நெபுலா இருக்கிறது. பக்கத்தில் தெரிகிறதே தவிர உறவு இல்லை. அதன் நடுவில் 11 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றும், ஒன்றையொன்று மறைக்கும் ஜோடி. 1970களிலேயே அடையாளம் கண்டது. நீண்ட குழாய் போன்ற அதன் மடல்களின் நுனியிலும் தொப்பிகள் இருக்கின்றன, அவையும் நடுப்பகுதியைவிட மூத்தவை.

சென்டாரஸில் இருக்கும் ஃபிளெமிங் 1 இன்னும் சுவாரசியமானது. ஹார்வர்டில் பணிபுரிந்த வில்லியமினா ஃபிளெமிங் கண்டுபிடித்தது. அதன் தாரைகள் நேராகப் போகாமல், தோட்டத்தில் தண்ணீர் பீய்ச்சும் குழாயைச் சுழற்றியதுபோல வளைந்து வளைந்து முடிச்சு முடிச்சாகப் போகின்றன. தாரையைக் கிளப்பிய வட்டு பம்பரம்போலத் தலையாட்டியிருக்கிறது. 2012இல் பொஃபினின் குழு சிலியில் இருக்கும் பெரிய தொலைநோக்கியால் அதன் நடுவில் 1.2 நாள் சுற்றும் ஜோடியைக் கண்டது. அங்கும் தாரைகளே மூத்தவை.

எல்லாவற்றிலும் அப்படியா என்றால், இல்லை. 2014இல் டாக்னெல், ஓர்சோலா டி மார்கோ, வார்டில் மூவரும் ஏபல் 63, ஈத்தோஸ் 1, நெக்லஸ், என்ஜிசி 6778 ஆகிய நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். முதல் மூன்றில் தாரைகள் சில ஆயிரம் ஆண்டு மூத்தவை. நான்காவதில் தலைகீழ். என்ஜிசி 6778இல் ஜோடி நான்கு மணி நேரத்துக்கும் குறைவாகவே ஒருமுறை சுற்றிவிடுகிறது, தாரைகள் நெபுலாவுக்குப் பின்னால் கிளம்பியவை. அங்கே கொடுப்பதற்குப் பெருமீனின் காற்று மிச்சம் இல்லை. பிய்ந்துபோன போர்வையில் தப்ப முடியாத ஒரு பகுதி திரும்ப விழுந்து, ஜோடியைச் சுற்றிப் புதிதாக ஒரு வட்டாகியிருக்கலாம். அப்படியானால் அதன் துணை நட்சத்திரத்தின் முதுகில் நெக்லஸில் இருப்பதுபோல் கார்பன் படிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.